கடவுச்சீட்டு மட்டும் போதுமா?

பொருள் தேடிக் கடல் கடந்து செல்வது நம்மவர்க்குப் புதியதொன்றன்று. மலாயா நாட்டிலே புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் உத்தியோகம் பார்த்த பாட்டனாரைப் பற்றிக் கதை கேளாது வளர்ந்த யாழ்ப்பாணக் குடும்பம் அரிது. கோலாலம்பூரிலே முப்பது வருடம் வாழ்ந்தவரை, "ஐயா, உங்களுக்கு எந்த ஊர்?" என்று கேட்டால், ஒரு கணமும் யோசியாமல் தம் கிராமத்தின் பெயரையே சொல்லுவார். கப்பலேறிய நாள் முதல் ஓய்வூதியத்துடன் திரும்பிய நாள் வரைக்கும் அவருடைய மனத்திலே வீடு இருந்த இடம் ஒன்றேதான்.

"உங்களுக்கு எந்த ஊர்?" என்னும் அதே கேள்வியை இன்று இங்கிலாந்தின் பல்கலைக்கழகங்கள் கேட்கின்றன. அங்கே அது உபசார வார்த்தையன்று. பிள்ளை செலுத்த வேண்டிய கட்டணம் ஒரு பங்கா, மூன்று பங்கா என்பதை அதற்குரிய விடையே தீர்மானிக்கிறது.

இலண்டனிலே குடியேறிப் பிரித்தானியப் பிரசாவுரிமை பெற்ற நம் உறவினர் பலர், நல்ல சம்பளத்தை நாடி டுபாய்க்கும் டோஹாவுக்கும் சிங்கப்பூருக்கும் சில வருடங்கள் சென்று வருகிறார்கள். வேறு சிலர் பிள்ளைகளை இலங்கைக்கே அழைத்து வந்து, பாட்டன் பாட்டிமாரின் நிழலிலே வளர்க்கிறார்கள். பிள்ளை பதினெட்டு வயதடைந்து இங்கிலாந்திலே பல்கலைக்கழகம் புக விண்ணப்பிக்கும்போதுதான், தாம் அறியாத ஒரு விதி குறுக்கே நிற்பதை இவர்கள் காண்கிறார்கள். அப்பெற்றோருக்காகவும், அவர்களுக்கு இங்கிருந்தபடி புத்தி சொல்லும் பெரியோருக்காகவும் இவ்விதியைச் சற்று விளக்க விரும்புகின்றோம்.

இரு சகோதரர்கள்

நாம் அறிந்த ஒரு குடும்பத்திலே அண்ணன் தம்பி இருவர். இருவரும் இலண்டன் நகரின் வடமேற்குப் புறத்திலே நெடுங்காலம் வாழ்ந்தவர்கள். இருவரும் பிரித்தானியப் பிரசைகள். 2019ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் இருவரும் குடும்பத்துடன் டுபாய் சென்றனர். 2023ஆம் ஆண்டு ஜூலையிலே இருவரும் திரும்பினர். அண்ணனுக்கும் ஒரு மகள். தம்பிக்கும் ஒரு மகள். இருவருக்கும் ஒரே வயது. 2024ஆம் ஆண்டு இலையுதிர் காலத்திலே இருவருக்கும் ஒரே பல்கலைக்கழகத்தில், ஒரே பொறியியற் படிப்புக்கு இடம் கிடைத்தது.

அண்ணனின் மகளுக்கு விதிக்கப்பட்ட கட்டணம் ஆண்டுக்கு 9,250 பவுண். தம்பியின் மகளுக்கு விதிக்கப்பட்டதோ ஆண்டுக்கு 27,000 பவுண். ஒருத்தி மூன்று வருடங்களுக்குச் செலுத்தும் தொகையை மற்றவள் ஏறக்குறைய ஒரே வருடத்திற் செலுத்த வேண்டும்!

தம்பி அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "அண்ணை, என்ரை பிள்ளையும் லண்டனிலைதானே பிறந்தவள்? அவளின்ரை பாஸ்போட்டும் பிரிட்டிஷ் பாஸ்போட்தானே? பிறகு என்னெண்டு அவள் வெளிநாட்டுப் பிள்ளையாவாள்?" என்று கேட்டார். அண்ணனுக்கு விடை சொல்லத் தெரியவில்லை. அவ்விடையைத்தான் நாம் இங்கே தேட முற்படுகின்றோம்.

இருவகைக் கட்டணம் வந்த கதை

ஒரு காலத்திலே இங்கிலாந்தின் பல்கலைக்கழகங்கள் உள்நாட்டு மாணவர், வெளிநாட்டு மாணவர் என்று கட்டணத்தில் வேற்றுமை பாராட்டவில்லை. 1966ஆம் ஆண்டு டிசம்பரிலே, கல்வி மந்திரியாக இருந்த அந்தனி குரொஸ்லண்ட் என்பார் அவ்வேற்றுமையை அறிவித்தார். 1967ஆம் ஆண்டு தொடக்கம் வெளிநாட்டு மாணவர்க்கு 250 பவுண் எனவும், உள்நாட்டு மாணவர்க்கு ஏறக்குறைய 70 பவுண் எனவும் கட்டணம் இருவகைப்பட்டது. 1980ஆம் ஆண்டிலே தட்சர் அம்மையாரின் அரசாங்கம், புதிதாகச் சேரும் வெளிநாட்டு மாணவர் படிப்பின் முழுச் செலவையும் தாமே ஏற்க வேண்டுமென்று விதித்தது.

அன்று தோன்றிய இடைவெளி நாளடைவில் அகன்றுவிட்டது. 2025–26ஆம் கல்வியாண்டிலே இங்கிலாந்தில் உள்நாட்டு மாணவரிடம் பட்டப் படிப்புக்கு அறவிடக்கூடிய உச்சக் கட்டணம் 9,535 பவுண். வெளிநாட்டு மாணவர்க்கோ அத்தகைய உச்ச வரம்பு இல்லை. ஆண்டுக்கு 20,000 பவுணுக்கு மேற்படுவது சாதாரணம். மருத்துவப் படிப்பிலே 40,000 பவுணைத் தாண்டுவதும் உண்டு. உள்நாட்டு மாணவருக்குக் கட்டணத்தைச் செலுத்த அரசாங்கக் கடன் கிடைக்கும். அந்தக் கடனுக்கும் இதையொத்த வதிவு நிபந்தனைகள் உண்டாகையால், ஒன்றை இழந்தவர் பெரும்பாலும் மற்றதையும் இழக்கிறார்.

சட்டம் கேட்கும் மூன்று கேள்விகள்

இங்கிலாந்திலே இவ்விடயத்தை ஆளுவன 2007ஆம் ஆண்டின் கல்விக் கட்டண விதிகளும், பின்னர் அவற்றுக்குச் செய்யப்பட்ட திருத்தங்களுமாம். அகதிகள் முதலியோருக்கு அவற்றில் வேறு பிரிவுகள் உண்டு. பிரித்தானியப் பிரசைகளுக்கும் நிரந்தர வதிவுரிமை பெற்றோருக்கும் உரிய பிரதான பிரிவிலே மூன்று கேள்விகள் அடங்கியுள்ளன.

முதற் கேள்வி: படிப்பு ஆரம்பமாகும் கல்வியாண்டின் முதல் நாளிலே அந்நாட்டில் நிரந்தரமாக வாழும் உரிமை உமக்கு உண்டா? கடவுச்சீட்டு உதவுவது இந்தக் கேள்விக்கு மட்டுமே.

இரண்டாவது: அந்நாளுக்கு முந்திய மூன்று வருடங்களும் முழுமையாக நீர் அந்நாட்டிலே சாதாரணமாக வதிந்தவரா?

மூன்றாவது: அவ்வாறு வதிந்ததன் பிரதான நோக்கம் முழுநேரக் கல்வி பெறுவதாக இருந்ததா? அவ்வாறாயின் அந்தக் காலம் கணக்கிற் சேராது.

மூன்று வருடம் என்பது நினைத்தபடி எண்ணுவதன்று. படிப்பு ஒக்டோபரிலே தொடங்கினாலும் கல்வியாண்டின் முதல் நாள் செப்டெம்பர் 1 என்றே கொள்ளப்படும். ஆகவே 2026ஆம் ஆண்டு ஒக்டோபரிலே படிப்பைத் தொடங்கும் மாணவர், 2023 செப்டெம்பர் 1 முதல் 2026 ஓகஸ்ட் 31 வரையுள்ள காலத்துக்கு விடை சொல்ல வேண்டும். நம் சகோதரர்களின் புதல்வியருக்கு அக்காலம் 2021 செப்டெம்பர் 1 முதல் 2024 ஓகஸ்ட் 31 வரை. அதிலே ஏறக்குறைய இரண்டு வருடங்களை இருவரும் டுபாயிலேதான் கழித்தார்கள்.

"சாதாரண வதிவு" என்றால் என்ன?

நாட்களை மட்டும் எண்ணுவதானால் சகோதரர் இருவரின் பிள்ளைகளும் தோற்றிருக்க வேண்டும். ஆனால் சட்டம் நாட்களை மட்டும் எண்ணுவதில்லை. இதற்கு ஆதாரமாயிருப்பது 1982ஆம் ஆண்டு டிசம்பரிலே பிரித்தானியப் பிரபுக்கள் சபை வழங்கிய ஒரு தீர்ப்பாகும். பார்னெட் என்னும் வட இலண்டன் உள்ளூராட்சிச் சபையின் பெயரால் இன்றும் வழங்கும் அவ்வழக்கிலே, கல்வி உதவிப்பணம் மறுக்கப்பட்ட ஐந்து மாணவர்கள் நீதி கேட்டனர். மேன்முறையீட்டு நீதிமன்றிலே டெனிங் பிரபுவும் அவருடைய சக நீதியரசர்களும் அம்மாணவர்களின் கோரிக்கையை ஏற்கவில்லை. பிரபுக்கள் சபையிலோ ஸ்கார்மன் பிரபு மாணவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்புரைத்தார்.

அவர் சொன்னதன் சாரம் இது: ஒருவர் தாமாக விரும்பி, ஒரு நிலையான நோக்கத்துடன், தம் அன்றாட வாழ்வின் ஒழுங்கிலே ஓரிடத்தை இருப்பிடமாகக் கொண்டால், காலம் குறுகியதாயினும் நீண்டதாயினும், அவ்விடத்திலே அவர் சாதாரணமாக வதிகிறார். உள்ளத்திலே எந்த நாட்டைத் தாய்நாடாகக் கருதுகிறார் என்பது கேள்வியன்று. வாழ்க்கை உண்மையில் எங்கே நடைபெற்றது என்பதே கேள்வி. ஒருவர் ஒரே காலத்தில் இரண்டு நாடுகளிலே சாதாரணமாக வதிபவராயிருத்தலும் கூடும்.

அத்தீர்ப்புக்குப் பின்னர், 1983ஆம் ஆண்டிலே அரசாங்கம் விரைந்து விதிகளை மாற்றியது. கல்விக்காக மட்டும் வந்து தங்கிய காலம் கணக்கிற் சேராது என்னும் மூன்றாவது கேள்வி அப்பொழுது பிறந்ததேயாகும். ஆயினும் "சாதாரண வதிவு" என்பதற்கு ஸ்கார்மன் பிரபு கூறிய பொருளே இன்றும் நின்று நிலவுகின்றது.

"தற்காலிகம்" என்னும் ஒரு சொல்

இனி, வெளிநாட்டு உத்தியோகம் பார்ப்போருக்கு உயிர்நாடியான பகுதிக்கு வருவோம். மாணவரோ, அவரது தாய் தந்தையரோ, கணவனோ மனைவியோ தற்காலிகமாக வெளிநாட்டில் உத்தியோகம் பார்த்ததனால் மட்டும் மாணவர் நாட்டிலே வதிய முடியாமற் போயிருந்தால், அவர் தொடர்ந்து வதிந்தவராகவே கருதப்பட வேண்டுமென்று விதி கூறுகிறது. தந்தையுடன் சென்ற மகள் டுபாய்ப் பள்ளிக்கூடத்திலே படித்தமையால் அந்த உரிமை அழிந்துவிடாது.

ஆனால் "தற்காலிகம்" என்றால் எத்தனை மாதம், எத்தனை வருடம்? விதியிலே அதற்கு எண் இல்லை. ஒவ்வொரு குடும்பத்தின் நிலைமையையும் பல்கலைக்கழகம் தனித்தனியே ஆராய்ந்து முடிவு செய்கிறது. நம் சகோதரர் இருவரின் பாதைகளும் பிரிந்தது இந்த ஒரு சொல்லிலேதான்.

அண்ணன் போகும்போது மூன்று வருட ஒப்பந்தம் ஒன்றுடன் போனார். அது ஒருமுறை மட்டும் ஓராண்டுக்கு நீடிக்கப்பட்டது. இலண்டன் வீட்டை விற்காமல் ஆண்டுக்கு ஆண்டு தவணை வைத்து வாடகைக்கு விட்டார். தளபாடங்களை ஓர் அறையிலே பூட்டி வைத்தார். ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் குடும்பம் இலண்டனுக்கு வந்து போயிற்று. ஒப்பந்தம் முடிந்த அதே மாதத்திலே திரும்பினர். இவை யாவற்றுக்கும் எழுத்திலே சான்று இருந்தது.

தம்பி கால எல்லையற்ற ஓர் உத்தியோகத்தை ஏற்றார். இலண்டன் வீட்டை விற்றார். அந்தப் பணத்தில் டுபாயிலே ஒரு தொடர்மாடி வீடு வாங்கினார். மகளைப் பள்ளியிலிருந்து விலக்கும்போது, "நாங்கள் நிரந்தரமாக இடம் பெயர்கிறோம்" என்று தலைமையாசிரியருக்குத் தம் கைப்படக் கடிதம் எழுதினார். நான்கு வருடங்களின் பின் கம்பெனி ஆட்குறைப்புச் செய்தபடியாலேயே திரும்பினார். "திரும்பி வருவதென்பது என் மனத்தில் எப்போதும் இருந்தது" என்று அவர் பின்னர் எழுதிய விளக்கம் பொய்யன்று. ஆனால் அவருடைய மனத்திலிருந்ததைக் காட்ட ஒரு துண்டுக் காகிதமேனும் இருக்கவில்லை. இருந்த காகிதங்கள் யாவும் மறுபுறமே பேசின.

வளைகுடா நாடுகளிலே வதிவு அனுமதி பெரும்பாலும் உத்தியோகத்துடன் பிணைக்கப்பட்டதாகையால், அங்கே எவரும் தற்காலிகமாகவே இருக்கிறார் என்று வாதிக்கலாம். தம்பியும் அவ்வாறே வாதித்தார். அது தக்க வாதமே. ஆனால் தனியே நின்று வெல்லக்கூடிய வாதமன்று.

நம்மவரிடையே உலவும் சில தவறான எண்ணங்கள்

"இங்கிலாந்திலே பிறந்த பிள்ளை, எங்கே வளர்ந்தாலும் உள்நாட்டுக் கட்டணந்தான்" என்பது முதலாவது. இலங்கையிலே நிரந்தரமாகக் குடியிருக்கும் பெற்றோரின் பிள்ளை, பிரித்தானியக் கடவுச்சீட்டை வைத்திருந்தாலும், மூன்று வருட வதிவு இல்லாவிடில் வெளிநாட்டு மாணவராகவே கணிக்கப்படலாம். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் இத்தகைய பிள்ளைகள் பலர் வளர்கின்றமையால் இதை அழுத்திச் சொல்லுகின்றோம்.

"கடைசி இரண்டு மூன்று வருடம் அங்கேயுள்ள விடுதிப் பாடசாலையிலே சேர்த்துவிட்டால் சரி" என்பது இரண்டாவது. பெற்றோர் வெளிநாட்டில் வாழ, பிள்ளை மட்டும் படிப்பதற்காகவே வந்து தங்கினால், அந்தக் காலம் மூன்றாவது கேள்வியிலே அடிபட்டுப் போகும். குடும்பமே திரும்பி வந்து வாழ, பிள்ளை அயற் பாடசாலைக்குப் போவது வேறு விடயம். அங்கே வதிவின் நோக்கம் குடும்ப வாழ்வு. படிப்பு அதனுடன் சேர்ந்து நடப்பது.

"முதல் வருடம் கூடிய கட்டணத்தைக் கட்டுவோம்; மூன்று வருடம் நிறைந்ததும் குறைத்துவிடுவார்கள்" என்பது மூன்றாவது. இதுவும் பிழை. படிப்பின் முதலாம் ஆண்டின் முதல் நாளிலேதான் வதிவு அளக்கப்படுகிறது. இடையில் அகதி அந்தஸ்துக் கிடைப்பது போன்ற சில குறிப்பிட்ட நிகழ்ச்சிகள் நிலைமையை மாற்றலாம். நாட்கள் நிறைவது மட்டும் மாற்றாது.

பிரசாவுரிமை பெறாது நிரந்தர வதிவு அனுமதியுடன் மட்டும் வாழ்வோருக்கு மற்றோர் ஆபத்தும் உண்டு. தொடர்ச்சியாக இரண்டு வருடங்களுக்கு மேல் நாட்டுக்கு வெளியே தங்கினால் அவ்வனுமதியே பொதுவாக அற்றுப் போகும். அப்பொழுது முதற் கேள்வியிலேயே பிள்ளையின் நிலை ஆட்டங் காணும்.

ஐரோப்பாவிலே வாழும் பிரித்தானியப் பிரசைகளுக்கு ஒரு சலுகை உண்டு. 2020 டிசம்பர் 31க்கு முன்னரே பிரான்ஸ், ஜேர்மனி, சுவிற்சர்லாந்து முதலிய நாடுகளில் வாழ்ந்துகொண்டிருந்தோரின் குடும்பத்தினர், உரிய ஏனைய நிபந்தனைகளையும் நிறைவேற்றினால், இங்கிலாந்தில் உள்நாட்டுக் கட்டணம் கோரலாம். ஆனால் 2028 ஜனவரி 1க்கு முன்னர் தொடங்கும் படிப்புகளுக்கே அது பொருந்தும். ஸ்கொத்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியன தமக்கெனத் தனி விதிகளை வைத்துள்ளன என்பதையும் மறக்கலாகாது. ஸ்கொத்லாந்திலே குடியிருக்கும் தகுதியுள்ள மாணவரின் முதற் பட்டக் கட்டணமாகிய 1,820 பவுணை அரசாங்கமே செலுத்துகிறது.

புறப்படுமுன் செய்ய வேண்டியவை

பிள்ளை விண்ணப்பப் பத்திரத்தை நிரப்பும் நாளிலே யோசிக்கத் தொடங்குவது காலங் கடந்த யோசனையாகும். தந்தை உத்தியோகத்துக்கு விமானமேறும் நாளிலேயே மகளின் கட்டணம் பாதி தீர்மானமாகிவிடுகிறது.

ஆகவே ஒப்பந்தத்திலே கால எல்லை குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். நீடிப்புப் பெற்றால் ஏன், எவ்வளவு காலத்துக்கு என்று எழுத்திலே பெறுங்கள். திரும்பி வரும் எண்ணமிருந்தால், அதை வேலை கொடுத்தோருக்கும் பாடசாலைக்கும் எழுதும் கடிதங்களிலே அன்றே சொல்லி வையுங்கள். வீட்டு உறுதி, வாடகை ஒப்பந்தம், நகராட்சி வரிச் சீட்டு, வங்கிக் கணக்கு, வருமான வரிப் பத்திரம், விடுமுறைக்கு வந்து போன பயணச் சீட்டுகள் ஆகியவற்றை ஒரு கோவையிலே சேர்த்து வையுங்கள். வீட்டை விற்றவர் உரிமையை இழந்தே தீருவார் என்பதில்லை. வீட்டை வைத்திருந்தவர் வென்றே தீருவார் என்பதுமில்லை. எல்லாவற்றையும் ஒருங்கே வைத்துப் பார்த்தே தீர்ப்புச் சொல்லப்படுகிறது.

பல்கலைக்கழகம் வினாப் பத்திரம் அனுப்பினால் பயப்படவும் வேண்டாம், அவசரப்படவும் வேண்டாம். உண்மையை, திகதிகளுடன், சான்றுகளுடன் எழுதுங்கள். முடிவு பாதகமாக வந்தால், காரணத்தை எழுத்திலே கேட்டு, மறுபரிசீலனை கோருங்கள். 1968ஆம் ஆண்டு தொடக்கம் இயங்கி வரும் ஐக்கிய இராச்சியச் சர்வதேச மாணவர் விவகார சபை, இவ்விதிகளைப் பற்றி விளக்கங்களும் ஆலோசனையும் வழங்குகின்றது.

தம்பியின் மகள் என்ன செய்தாள் என்று வாசகர்கள் கேட்பார்கள். அவள் அந்த இடத்தை ஏற்கவில்லை. பெற்றோருடன் இலண்டனிலே இருந்து, ஒரு கடையிலே கணக்கு வேலை பார்க்கிறாள். 2023 ஜூலையிலே திரும்பியதிலிருந்து எண்ணினால், 2026 செப்டெம்பர் 1இல் மூன்று வருடம் நிறைகிறது. அந்த இலையுதிர் காலத்திலே படிப்பைத் தொடங்குவதென்று தீர்மானித்தாள். பெரியப்பாவின் மகள் அவளுக்கு இரண்டு வகுப்பு முன்னே போய்விடுவாள். "ரெண்டு வருசந்தானே சித்தப்பா, அவளுக்கு என்ரை நோட்ஸெல்லாம் வைச்சுக் குடுக்கிறன்" என்று அந்தப் பிள்ளை ஆறுதல் சொன்னாளாம். தம்பி அதைக் கேட்டு ஒன்றும் பேசவில்லை. வீட்டை விற்ற பணத்தைக் குறித்து அவருக்கு வருத்தமில்லை; தலைமையாசிரியருக்கு எழுதிய அந்த ஒரு வரிக் கடிதத்தை நினைத்துத்தான் வருந்துகிறார்.

மலாயாவிலே முப்பது வருடம் உழைத்த நம் பாட்டனாரை அந்தப் பல்கலைக்கழகக் கந்தோரிலே கொண்டு போய் நிறுத்தினால், "எனக்கு ஊர் யாழ்ப்பாணம்" என்று அவர் சொல்லும் விடையை அவர்கள் ஏற்கமாட்டார்கள். மனத்திலே வீடு இருந்தால் மனிதருக்குப் போதும், சட்டத்துக்குப் போதாது. ஆதலால், திரும்பி வரும் எண்ணத்தோடு புறப்படுவோர் அந்த எண்ணத்தைப் பெட்டியிலே பூட்டி எடுத்துச் செல்லாது, காகிதத்திலே எழுதி வீட்டிலே வைத்துவிட்டுச் செல்வார்களாக. பின்னொரு நாளிலே பிள்ளைக்கு அது பெரிய முதுசமாக உதவும்.